ஒன்பதாம் வகுப்பு உலக வரலாறு: அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது எப்படி

போன வருஷம் வரை பிளாசிப் போர், 1857 என்று நம் நாட்டைச் சுற்றியே இருந்த வரலாறு, ஒன்பதாம் வகுப்பில் ஒரே தாவலில் ஆப்பிரிக்காவுக்கும் ஈராக்குக்கும் போய்விடுகிறது. சுமேரியர், அக்காடியர், ஹமுராபி, பாரோ, ஷாங் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. பிள்ளைகள் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த மறுவாரம் கேட்டால் பிரமிடு மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

அதே புத்தகத்தில் தள்ளிப் போனால் புவியியல் வருகிறது: நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம். அது வேறு மாதத்தில் நடக்கும். சில பள்ளிகளில் வேறு ஆசிரியர் நடத்துவார். அழுத்த மண்டலம் என்று ஒரு படம், அதில் அம்புக்குறிகள், அதற்கும் ஒரு மனப்பாடம்.

என் கட்சி என்னவென்றால், பண்டைய உலகத்தைப் பொறுத்தவரை இவை இரண்டு பாடமே கிடையாது. ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, அந்த மண்ணில் எது கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் வரலாற்றுப் பாடத்தில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அதற்கான வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை மனதில் வைத்து எழுதியது. மற்ற பாடத்திட்டங்களில் இதே பகுதி வேறு வகுப்பில் வரலாம். படிக்கும் முறை மாறாது.

முதலில் சேர்க்க வேண்டியவை

பாடப்புத்தகம், ஒரு அட்லஸ், உலகப் பட அவுட்லைன் ஒன்று. அவுட்லைனைப் புதிதாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒன்றை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இருபது பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வருஷம் முழுவதும் வரும். அப்புறம் பழைய மாதக் காலண்டர் ஒன்று. அதன் பின்பக்கம் எதற்கு என்று இதோ சொல்கிறேன். வீட்டில் போனோ கணினியோ இருந்தால் கூகுள் எர்த்.

நோட்ஸ், கைடு எதுவும் இப்போது வேண்டாம். அவற்றில் விடை இருக்கும், காரணம் இருக்காது. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் கிடைத்தால் எடுத்து வையுங்கள். சிந்துவெளிப் பாடம் அதில் எளிமையாக இருக்கிறது. பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஆண்டுகளைப் பழக்கிக்கொள்வது

கி.மு. என்று போட்டிருந்தாலும் பொ.ஆ.மு. என்று போட்டிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பின்னோக்கிப் போகப் போக எண் பெரிதாகும். பாபிலோன் அரசன் ஹமுராபியின் ஆட்சி கி.மு. 1792 முதல் 1750 வரை என்று படித்தால், 1792 முந்தையது, 1750 பிந்தையது. 42 ஆண்டு ஆட்சி. கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்றால் 600 முதல் 501 வரை. கி.மு. 1-க்கு அடுத்தது நேராக கி.பி. 1, நடுவில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. ஆகவே கி.மு.விலிருந்து கி.பி.க்குக் கணக்கிடும்போது இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்போது காலண்டர். தாள்களின் பின்பக்கத்தை நீளவாக்கில் ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு 50 ஆண்டு என்று அளவு வைத்து ஒரு கோடு போடுங்கள். கி.மு. 3500-இல் தொடங்கி கி.பி. 500 வரை ஏறக்குறைய 4,000 ஆண்டு, அதாவது 80 சென்டிமீட்டர். அந்தக் கோட்டுக்கு இணையாக ஐந்து வரிசை: எகிப்து, மெசபடோமியா (இன்றைய ஈராக் பகுதி), இந்தியா, சீனா, கிரேக்கம்-ரோம். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் அந்தந்த வரிசையில் பென்சிலால் குறியுங்கள். சுவரில் ஒட்டி வைத்தால் நல்லது. அம்மா சம்மதிக்க வேண்டும், அது வேறு விஷயம்.

இதன் பலன் இரண்டு பாடம் முடிந்ததும் தெரியும். கீசாவின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது ஏறக்குறைய கி.மு. 2560. அதே இடத்தில் பக்கத்து வரிசையைப் பார்த்தால் ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் முழு நகரங்களாக எழுந்து நிற்கின்றன. சீனாவின் ஷாங் அரச வம்சம் ஏறக்குறைய கி.மு. 1600-இல்தான் தொடங்குகிறது, அதற்குள் சிந்துவெளி நகரங்கள் ஓய்ந்துவிட்டன. கீழடியில் கிடைத்த ஒரு மாதிரிக்குக் கரிமக் கணிப்பு தந்த காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. அதே நூற்றாண்டில் சீன வரிசையில் கன்பூசியஸ் பிறக்கிறார். புத்தகத்தில் இவை வெவ்வேறு பாடங்களில் சிதறிக் கிடக்கும். காலக்கோடு வினாவுக்குத் தனியாகப் படிக்க வேண்டிய தேவையும் இதோடு போய்விடும்.

முதல் பாடத்தில் வரும் கற்காலம் மட்டும் இந்தத் தாளில் அடங்காது. சென்னைக்கு வடமேற்கே இருக்கும் அதிரம்பாக்கத்தின் கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று கணித்திருக்கிறார்கள். நம் அளவில் அதைக் குறிக்க 300 மீட்டர் நீளத்துக்குத் தாள் ஒட்ட வேண்டும். மனிதர் எழுதத் தொடங்கியது அதில் கடைசி ஒரு மீட்டரில்தான். இந்த விகிதத்தை ஒருமுறை பிள்ளை தானே பெருக்கிப் பார்த்துவிட்டால், வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கு ஏன் தனிப் பாடம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடிப்படை வரைபடம்

ஒரு அவுட்லைன் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு எல்லைகளை மறந்துவிடுங்கள். அவை பிறகு வந்தவை. பூமத்திய ரேகை, கடக ரேகை இரண்டையும் போடுங்கள். நைல், யூப்ரடிஸ், டைக்ரிஸ், சிந்து, மஞ்சள் ஆறு ஆகியவற்றை நீலத்தில் வரையுங்கள். சகாரா, அரேபியப் பாலைவனம், தார் ஆகியவற்றுக்கு லேசாக மஞ்சள் பூசுங்கள். அப்புறம் நான்கு இடங்களுக்குப் புள்ளி வையுங்கள்: எகிப்தில் மெம்பிஸ், ஈராக்கில் ஊர் (Ur) என்ற பெயருள்ள பழைய நகரம், பாகிஸ்தானில் மொகஞ்சதாரோ, சீனாவில் அன்யாங்.

படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். நான்கு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே பட்டையில் விழும், வடக்கு அட்சம் 27°-க்கும் 36°-க்கும் இடையில். முதல் மூன்றும் மஞ்சள் பூசிய இடங்களை ஒட்டியே இருக்கும். பாலைவனத்தில் போய் ஏன் நகரம் கட்டினார்கள் என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள்.

வந்ததும் புவியியல் பகுதியில் வளிமண்டலப் பாடத்தைத் திறக்க வேண்டும். பூமத்திய ரேகைப் பகுதியில் சூடாகி மேலே போகும் காற்று, மழையைக் கொட்டிவிட்டு, 30° அட்சத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. துணை வெப்ப மண்டல உயர் அழுத்த மண்டலம் என்று நீளமாகப் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். கெய்ரோவில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 25 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. மழையே பெய்யாத ஊரில் விவசாயம் நடக்க ஒரே வழி, வேறு எங்கோ பெய்த மழையை ஓர் ஆறு சுமந்துகொண்டு வருவது. நைல் எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் மழையைச் சுமந்து வருகிறது. யூப்ரடிஸும் டைக்ரிஸும் துருக்கி மலைகளின் பனியை. சிந்து இமயத்துப் பனியையும் பருவமழையையும். நீர் மட்டும் வருவதில்லை, வண்டலும் வருகிறது. சுற்றிலும் வேறு நல்ல நிலம் இல்லாததால் ஜனங்கள் ஆற்றோரத்திலேயே நெருக்கியடித்துக் குடியேற வேண்டியிருந்தது. நெருக்கத்தில்தான் நகரம் பிறக்கிறது, வரி பிறக்கிறது, கணக்கெழுத ஆள் தேவைப்படுகிறது.

ஆக, அழுத்த மண்டலத்துப் படத்தையும் நாகரிகங்களின் படத்தையும் ஒரே நாளில் படியுங்கள். பள்ளியில் எந்த வரிசையில் நடத்தினாலும் சரி, வீட்டில் இந்த வரிசை.

ஒரு பாடத்தை நான்கு கேள்வியால் பிரிப்பது

ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இந்த நான்கையும் எழுதுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த மாதத்தில் வருகிறது? அங்கே எது கிடைக்காது? எல்லைக்கு அப்பால் யார், எப்படி உள்ளே வரமுடியும்? பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அட்லஸ் மட்டும் வைத்து முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கலாம். எகிப்தையும் மெசபடோமியாவையும் ஜோடியாக எடுத்துக்கொண்டால் இந்த முறை சட்டென்று பிடிபடும்.

நைலின் வெள்ளம், எத்தியோப்பியாவின் கோடைமழையால் வருவது. ஜூன், ஜூலையில் ஏறத் தொடங்கி, ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சத்துக்குப் போய், அக்டோபர், நவம்பரில் வடிந்துவிடும். வடிந்த ஈரத்தில் கோதுமையும் பார்லியும் விதைத்தால் அடுத்த வெள்ளம் வருவதற்கு முன்பே அறுவடை முடிந்துவிடும். வருஷா வருஷம் சொன்ன நேரத்துக்கு வரும் விருந்தாளி. அளவு மட்டும் கூடும், குறையும். அதை அளக்க ஆற்றங்கரையில் படிக்கட்டு வெட்டி அளவுகோல் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறிய உயரத்தைப் பார்த்து விளைச்சலையும் வரியையும் கணித்துவிடலாம்.

யூப்ரடிஸ், டைக்ரிஸ் கதை நேர் எதிர். துருக்கி மலைகளில் பனி உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது வயலில் கதிர் முற்றி நிற்கும். தண்ணீர் வேண்டிய விதைப்புக் காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். ஆகவே வெள்ளத்தைத் தடுக்கக் கரை வேண்டும், தேக்க ஏரி வேண்டும், கொண்டுபோகக் கால்வாய் வேண்டும். இதை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்து வயல்காரர் தன் கரையைக் கவனிக்காவிட்டால் உங்கள் பயிரும் போகும்.

ஹமுராபியின் சட்டத்தொகுப்பைப் பற்றிப் புத்தகத்தில் “கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்” என்ற ஒரு வரிதான் பிள்ளைகள் மனதில் நிற்கிறது. அதில் உள்ள 282 சட்டங்களில் 53-ஆவதைப் பாருங்கள்: ஒருவன் தன் வயலின் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பலாக இருந்து, கரை உடைந்து பிறர் வயல் பாழானால், அழிந்த தானியத்தை அவனே ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் பொருளையும் விற்று, நஷ்டப்பட்டவர்கள் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது அடுத்த சட்டம். நம் கடைமடைத் தகராறுகளைக் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். அந்தச் சட்டம் ஏன் எகிப்தில் பிறக்காமல் பாபிலோனில் பிறந்தது என்பதை வெள்ளம் வரும் மாதமே பாதி சொல்லிவிடுகிறது.

மூன்றாவது கேள்வி, எது கிடைக்காது. தெற்கு ஈராக்கில் கல் இல்லை, நல்ல மரம் இல்லை, உலோகம் இல்லை. களிமண்ணும் நாணலும்தான் மிச்சம். அதனால் கோயிலே செங்கல் மேடு. சிகுராட் என்று படிக்கிறீர்களே, அதுதான். எழுதுவதும் ஈரக் களிமண் பலகையில், வெட்டிய நாணல் குச்சியால் அழுத்தி. குச்சி முனை அழுத்தினால் ஆப்பு வடிவம்தானே விழும்? கியூனிபார்ம் எழுத்தின் வடிவம் அப்படி வந்தது. ஒரு உருண்டை களிமண்ணும் சதுரமாக வெட்டிய ஐஸ் குச்சியும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம். வளைகோடு போட முயன்றால் மண் பிசிறும், அழுத்தினால் சுத்தமாக விழும். ஐந்து நிமிஷ வேலை, ஆனால் வாழ்நாளுக்கும் மறக்காது. கி.மு. 612-இல் அசிரியரின் தலைநகரான நினிவே நகரம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த நூலகத்துப் பலகைகள் பல தீயில் வெந்து இன்னும் கெட்டிப்பட்டன. காகிதமாக இருந்திருந்தால் சாம்பல்தான்.

எகிப்தில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. தெற்கே அஸ்வானில் கருங்கல். அங்கிருந்து வடக்கே கொண்டுவர ஆற்றின் ஓட்டம் போதும். திரும்பிப் போக? பாய் விரித்தால் போதும், அங்கே பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் காற்று வீசுகிறது. போக்குவரத்துக்கு இவ்வளவு வசதியான ஆறு உலகத்தில் அபூர்வம். நாடு முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வரைபட வினாவில் ஒரு பொறி உண்டு: மேல் எகிப்து தெற்கே இருக்கிறது, கீழ் எகிப்து வடக்கே. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தெற்கு வடக்காக ஓடுகிறது என்று ஞாபகம் வைத்தால் குழப்பம் வராது.

கடைசிக் கேள்விக்கு அட்லஸே பதில் சொல்லும். எகிப்துக்கு இருபுறமும் பாலைவனம், வடக்கே கடல். மெசபடோமியா திறந்த மைதானம். சுமேரியர், அக்காடியர், பாபிலோனியர், அசிரியர் என்று ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்ததன் பின்னணி அதுதான்.

இந்த இடத்தில் கூகுள் எர்த்தைத் திறங்கள். எகிப்தின் லக்சர் நகரத்துக்குப் போய் நெருக்கிப் பாருங்கள். பச்சைப் பட்டை முடியும் இடமும் மணல் தொடங்கும் இடமும் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். பிறகு ஈராக்கின் நாசிரியாவுக்குத் தென்மேற்கே ஊர் நகரத்தின் சிகுராட்டைத் தேடுங்கள். ஆற்றங்கரை நகரம் என்று படித்தது இன்று வறண்ட வெளியில் நிற்கும். யூப்ரடிஸ் தடம் மாறி விலகிப் போய்விட்டது. பாசனத்தால் நிலத்தில் உப்பு ஏறியதும் அங்கே ஒரு பெரிய கதை. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிடும். கோதுமை தாங்காது, பார்லி கொஞ்சம் தாங்கும். தெற்கே மெல்ல மெல்ல கோதுமை குறைந்து பார்லி கூடியது. புறச்செயல்முறைகள் பாடத்தில் ஆறு செய்யும் வேலைகளைப் படிக்கும்போது இந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சிந்துவெளியில் கவனமாக இருக்க வேண்டியது

மற்ற இரண்டிலும் எழுத்தைப் படித்துவிட்டார்கள். ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் பொறித்த ரொசெட்டா கல் 1799-இல் கிடைத்து, 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்பொலியோன் எகிப்திய எழுத்தின் புதிரை விடுவித்தார். சிந்து எழுத்து இன்னும் பிடிபடவில்லை. படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது.

ஆகவே சிந்துவெளிப் பாடத்தில் ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் இது கண்டெடுத்ததா, ஊகித்ததா என்று கேட்டுப் பழகுங்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடதுபக்கம் கிடைத்தது, வலதுபக்கம் ஊகம். செங்கலின் அளவு 1:2:4 என்ற விகிதம், மூடிய வடிகால், பெருங்குளம், எடைக்கற்கள் எல்லாம் இடதுபக்கம். பெருங்குளம் சடங்குக்காக என்பது வலதுபக்கம். “பூசாரி அரசன்” என்று பெயர் வைத்த சிலை இடதுபக்கம், அவர் பூசாரி, அரசன் என்பது வலதுபக்கம். ஐந்து மதிப்பெண் விடையில் “கருதப்படுகிறது” என்ற சொல் எங்கே வரவேண்டும் என்பது இதில் தெளிவாகிவிடும். ஒரு பள்ளிப் பிள்ளை வரலாற்றில் கற்க வேண்டியதில் இதைவிட முக்கியமானது அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

இணைப்புகளையும் குறியுங்கள். ஊர் நகரத்துக் கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் வந்து நின்றதாக அக்காடின் அரசர் சார்கோன் பெருமை பேசுகிறார். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அது எந்தப் பக்கத்தில் போகும் என்று பிள்ளையையே தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

சீனாவுக்கு அதிக நேரம் வேண்டாம். காற்று அடித்துக் கொண்டுவந்து குவித்த நுண்மண், அதை அரித்துக்கொண்டு வரும் மஞ்சள் ஆறு, படுகை மேலேறி மேலேறிக் கரையை உடைக்கும் வெள்ளம், அன்யாங்கில் கிடைத்த எழுத்துப் பொறித்த எலும்புகள். இவ்வளவு பிடித்துக்கொண்டால் மற்றது ஒட்டிக்கொள்ளும்.

ஆறு எல்லாவற்றுக்கும் பதில் அல்ல

இந்த முறையில் ஓர் ஆபத்து உண்டு. ருசி கண்ட பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் “ஆறுதான் காரணம்” என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். கிரேக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான பெரிய ஆறு கிடையாது. மலைகள் ஊரை ஊரிலிருந்து பிரித்தன. கடல் எல்லோரையும் சேர்த்தது. அதனால் நகர அரசுகள். ஆனால் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஒரே மாதிரி நிலத்தில் இருந்துகொண்டே வேறு வேறு மாதிரி ஆட்சி செய்தன. அங்கே நிலம் பாதி வழிதான் வரும், மீதியை மனிதர்களின் முடிவுகளில் தேட வேண்டும். செவ்வியல் உலகம் பாடத்துக்கு வரும்போது இந்த வித்தியாசத்தை விடையில் ஒரு வரி எழுதினாலும் நன்றாக இருக்கும்.

கையால் செய்ய ஒரு கணக்கு

அட்சம், தீர்க்கம் பாடத்தைப் பிள்ளைகள் வெறுப்பதற்குக் காரணம், அதில் ஆளே இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கோடையில் பகல் மிக நீண்ட நாளன்று, நண்பகலில் சையீனில், அதாவது இன்றைய அஸ்வானில், சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதே நேரம் வடக்கே அலெக்ஸாண்டிரியாவில் நிழல் விழும். அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, 7.2°. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

பிள்ளையிடம் அட்லஸும் ஸ்கேலும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எகிப்து படத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே அளந்து, படத்தின் அளவுகோலால் பெருக்கினால் 840 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். ஐம்பதால் பெருக்கினால் 42,000. உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஏன் கொஞ்சம் கூடியது? அலெக்ஸாண்டிரியா சுமார் 30° கிழக்கு, அஸ்வான் சுமார் 33° கிழக்கு. இரண்டும் ஒரே தீர்க்கக்கோட்டில் இல்லை, நாம் சாய்வாக அளந்துவிட்டோம். இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அட்சமும் தீர்க்கமும் இனி குழம்பாது. அஸ்வான் கடக ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதையும் அடிப்படை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

பருவக்காற்றும் மிளகும்

இங்கே நம் ஊருக்கு வருகிறோம், வலிந்து அல்ல. வளிமண்டலப் பாடத்தில் பருவக்காற்று வருகிறது. வரலாற்றில் தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம் பாடம் வருகிறது. இரண்டையும் ஒரே அவுட்லைனில் வரையுங்கள். எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயிலிருந்து ஜூலை வாக்கில் கப்பல் கிளம்பும். ஏடன் வளைகுடாவைத் தாண்டியதும் தென்மேற்குப் பருவக்காற்று அதை அரபிக்கடல் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்து கேரளக் கரையில் முசிறியில் சேர்க்கும். சரக்கை ஏற்றிக்கொண்டு, டிசம்பர், ஜனவரி வாக்கில் வடகிழக்குக் காற்றைப் பிடித்துத் திரும்ப வேண்டும். தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

சான்றுகள் இரு பக்கத்திலும் இருக்கின்றன. பெரெனிகேயில் ஒரு கோயிலின் தரையில் புதைந்த இந்திய ஜாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. இந்தப் பக்கம் அரிக்கமேட்டில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள், கொங்கு நாட்டில் ரோமானிய நாணயப் புதையல்கள். முசிறிச் சரக்குக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. யவனரின் கலங்கள் “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்று அகநானூறு சொல்வதும் இதே வணிகத்தைத்தான். கறி என்றால் மிளகு. தமிழ்ப் பாடம், வரலாறு, புவியியல் மூன்றும் ஒரே தாளில் வந்துவிட்டது பாருங்கள்.

வாரத்துக்கு எப்படி ஒதுக்குவது

பெரிய அட்டவணை வேண்டாம். ஒரு வரலாற்றுப் பாடத்துக்கு மூன்று அமர்வு போதும், ஒவ்வொன்றும் முக்கால் மணி. முதல் அமர்வில் அட்லஸும் நான்கு கேள்வியும், புத்தகம் மூடியே இருக்கும். இரண்டாவதில் புத்தகத்தை வாசித்து ஊகங்களைத் திருத்துவது, தொடர்புள்ள புவியியல் பக்கத்தைப் பார்ப்பது, காலண்டரில் குறிப்பது. மூன்றாவதில் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு வெற்று அவுட்லைனில் ஞாபகத்திலிருந்து குறித்து, வீட்டில் யாரிடமாவது வாயால் கதையாகச் சொல்வது. தம்பி, தங்கை, பாட்டி யாராக இருந்தாலும் சரி, “ஏன்?” என்று கேட்பவராக இருந்தால் இன்னும் நல்லது. பெற்றோர் பக்கத்தில் உட்கார வேண்டியது முதல் அமர்வுக்கு மட்டும்தான்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலில் நேரத்தை வீணாக்க வேண்டாம். டைக்ரிஸா டைகிரிஸா, ஹோவாங்ஹோவா குவாங் கோவா என்றெல்லாம் பார்க்காமல், பாடப்புத்தகத்தில் இருப்பதைத் தேர்வில் எழுதுங்கள்.

வரைபட வினாவுக்குப் பென்சிலைக் கூராகச் சீவி வையுங்கள். ஆறு என்றால் கோடு, நகரம் என்றால் புள்ளி, பாலைவனம் என்றால் நிழல். பெயரைக் கிடைமட்டமாக எழுதி, இடம் போதாவிட்டால் கடல் பக்கம் இழுத்து அம்புக்குறி போடுங்கள். நைலை வரையும்போது கழிமுகத்தைக் கிளையாகப் பிரித்துக் காட்டுங்கள். யூப்ரடிஸும் டைக்ரிஸும் கடலுக்கு முன் ஒன்றாகச் சேர்ந்து பாரசீக வளைகுடாவில் விழுகின்றன. பலர் அவற்றைக் கொண்டுபோய் செங்கடலில் விட்டுவிடுகிறார்கள். சிந்து விழுவது அரபிக்கடலில், கராச்சிக்குத் தென்கிழக்கே. தேர்வுக்கு முந்தின வாரம் மீதமுள்ள ஜெராக்ஸ் பிரதிகளை எடுத்து, தினமும் ஒன்று, பத்து நிமிஷத்துக்குள் முடிக்கும் வேகம் வரும்வரை போட்டுப் பாருங்கள்.